மூன்றாம் அத்தியாயம்: சேற்றில் கிடந்த பாறாங்கல்

பௌதிகம் கற்கும் மாணவர் ஊசலை ஆட்டிப் பார்த்து, ஐயம் தோன்றினால் மறுபடியும் ஆட்டிப் பார்க்கலாம். ரசாயனம் கற்பவர் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமிலத்தை ஊற்றி நுரை பொங்குவதைக் கண்டு, வேண்டுமானால் மறுநாளும் அதையே செய்து பார்க்கலாம். பூமி சாஸ்திரம் கற்பவருக்கோ அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அவர் ஆராயும் மலைகள் எழுந்ததையும், ஏரிகள் தூர்ந்ததையும், சமுத்திரங்கள் விலகியதையும் கண்ட மனிதர் எவருமில்லை; அந்த நிகழ்ச்சிகளை இன்னொரு முறை நடத்திக் காட்டும்படி இயற்கையைக் கேட்கவும் இயலாது. அப்படியானால் இந்தச் சாஸ்திரத்தில் சொல்லப்படுவன யாவும், அறிவாளி ஒருவர் அழகாகப் புனைந்த கதையை ஏனையோர் ஒப்புக்கொண்டதால் நிலைபெற்றவைதாமோ என்ற சந்தேகம் நல்ல மாணவர்களுக்கு எழுவது இயல்பு. எழவேண்டும் என்றே விரும்புகிறேன். ஏனெனில், அந்தச் சந்தேகத்துக்கு விடை காண முயலும்போதுதான் விஞ்ஞான முறை என்பது இன்னதென்று விளங்குகிறது.

விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடந்து முடிந்ததைத் திரும்ப நடத்த முடியாவிட்டாலும், அது நான் கருதுகிறபடி நடந்திருந்தால் இன்ன இடத்தில் இன்ன அடையாளம் இருந்தே தீரவேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, அந்த இடத்துக்குப் போய்த் தேடிப் பார்க்க முடியும். தேடிய அடையாளம் அங்கே இல்லையென்றால், எவ்வளவு அழகான ஊகமாயினும் அதைக் கைவிட முடியும். இவ்விதம் தோற்பதற்கு இடம் கொடுத்து நிற்கும் ஊகத்துக்கே பூமி சாஸ்திரத்தில் மதிப்பு உண்டு. சொல்வது எளிது, செய்து பழகுவதற்கு ஒரு கண்ணாடி ஜாடியும், கொஞ்சம் மண்ணும், சில ஐஸ் கட்டிகளும், நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரிஸாவில் இரண்டு வாலிபர்கள் எதிர்ப்பட்ட ஒரு புதிரும் நமக்குப் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடிட்டு இரண்டாக்கி, இடப்புறம் ‘கண்டது’ என்றும் வலப்புறம் ‘கருதியது’ என்றும் தலைப்பிடுங்கள். ‘இந்தக் கல்லின் விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன’ என்பது இடப்புறத்துக்கு உரியது. ‘ஆற்றுநீர் இதை வெகுதூரம் உருட்டி வந்திருக்கிறது’ என்பது வலப்புறத்துக்கு உரியது. ‘பெரிய கல்’ என்று எழுதுவதால் பயனில்லை, ‘நீளம் 18 சென்டிமீட்டர்’ என்று எழுதவேண்டும். ‘கொஞ்ச நேரத்தில் தெளிந்தது’ என்று எழுதலாகாது, மணியைக் குறிக்கவேண்டும். இது சிறு பிள்ளைகளுக்கான சம்பிரதாயம் என்று எண்ணிவிடக் கூடாது. தேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் சறுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே. கருதியதைக் கண்டதாக எழுதிவிட்டால், பின்னால் கருத்து பிழையென்று தெரிந்தபோது எதைத் திருத்துவது, எதை வைத்துக்கொள்வது என்பதே தெரியாமற் போகும்.

இனி ஜாடிக்கு வருவோம். வாயகன்றதாயும் இறுக மூடக்கூடியதாயும் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்றை எடுத்து, வயலிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ கொண்டுவந்த மண்ணை வேரும் சருகும் நீக்கி, கட்டியில்லாமல் பொடித்து, மூன்றில் ஒரு பங்குக்கு இடுங்கள். ஆற்று மணல் ஒரு பிடியும் சிறு கூழாங்கற்கள் நாலைந்தும் அதனோடு சேரட்டும். கழுத்துவரை நீர் ஊற்றி, மூடி, ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, அசையாத மேஜையின்மேல் வைத்துவிட்டு, ஜாடியின் வெளிப்புறத்தில் மில்லிமீட்டர் குறித்த ஒரு காகிதத் துண்டை நெட்டுவாக்கில் ஒட்டுங்கள். கூழாங்கற்கள் வைத்த கணமே அடியில் இருக்கும். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அவற்றின்மேல் படிந்துவிடும். அதற்கும் நுண்ணிய வண்டல், விரலுக்கிடையில் மாவுபோல் வழவழக்கும் அந்தப் பொருள், படிய ஓரிரு மணி நேரமாகும். மேலே எஞ்சும் கலங்கல் களிமண். மறுநாள் காலையில் பார்த்தாலும் நீர் முழுதும் தெளிந்திருக்காது. படிவுகளின் உயரத்தை ஒரு நிமிஷத்திலும், பத்து நிமிஷத்திலும், ஒரு மணியிலும், இரண்டு மணியிலும், மறுநாளிலும் அளந்து எழுதினால், காலத்தையும் உயரத்தையும் இணைக்கும் ஒரு வரைபடம் தானே உருவாகும்.

அந்த வரைபடத்தில் கோடு முதலில் செங்குத்தாக ஏறிப் பிறகு வெகுவாகச் சாய்ந்துபோவதன் காரணத்தை, அயர்லாந்தில் பிறந்த கணித அறிஞரான ஸ்டோக்ஸ் 1851-ல் வெளியிட்ட விதி ஒன்று தெரிவிக்கிறது. நீரில் அமிழும் நுண்துகளின் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அந்த விதி. குறுக்களவு பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குள்ள துகள் ஜாடியின் அடியை அடைய அரை நிமிஷம் எடுத்துக்கொண்டால், அதிலும் பத்தில் ஒரு பங்குள்ள துகளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். கூழாங்கல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீரில் விரைந்து விழும் பெரிய பொருள்கள் தம்மைச் சுற்றிச் சுழல்களை உண்டாக்குவதால் அவற்றுக்கு வேறு கணக்கு உண்டு. எந்த விதிக்கும் அது செல்லுபடியாகும் எல்லை ஒன்று இருக்கிறது என்பதையும், விதியோடு சேர்த்து அந்த எல்லையையும் நினைவில் வைக்கவேண்டும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

ஒரு ஜாடியைக் கொண்டு செய்தது வேடிக்கை பார்த்ததற்குச் சற்றே மேலானது. இரண்டு ஜாடிகளைக் கொண்டு செய்யும்போதுதான் அது பரீட்சையாகிறது. ஒரே அளவான இரு ஜாடிகளில் ஒரே மண்ணை ஒரே எடையில் இட்டு, ஒரே குழாயின் நீரை ஒரே உயரத்துக்கு ஊற்றி, ஒன்றில் மட்டும் சாப்பாட்டு உப்பு ஒரு கரண்டி கரைத்து, இரண்டையும் ஒரே சமயத்தில் குலுக்கி வையுங்கள். உப்பிட்ட ஜாடியின் நீர் மற்றதைவிட விரைவில் தெளிவதைக் காண்பீர்கள். களிமண் துகள்கள் யாவும் ஒரே வகையான மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நீரில் மிதப்பவை. உப்பு அந்தத் தள்ளுதலைத் தணித்துவிடுவதால், அவை கூடித் திரண்டு கனத்து அமிழ்கின்றன. கலங்கி ஓடும் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் சேற்றை இறக்கிவிடுவதற்கு நீரோட்டம் தளர்வது முதற் காரணம் என்றால், கடலின் உப்பும் ஒரு துணைக் காரணம். உப்பைத் தவிர வேறொன்றும் மாறவில்லை என்பதனால்தான் தெளிவுக்குக் காரணம் உப்பே என்று சொல்ல நமக்கு உரிமை உண்டாகிறது. ஒரு ஜாடியை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்திருந்தால் அந்த உரிமை போய்விடும். ஒரு தடவை செய்து நிறுத்திவிடாமல், நண்பர் ஒருவரையும் தனியாகச் செய்யச் சொல்லி, இருவர் நோட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

முதற் படிவு இறுகிய பிறகு, வேறு நிறமுள்ள மண்ணைக் கரைத்து மெல்ல ஊற்றினால் பழைய அடுக்கின்மேல் புதிய அடுக்கு படியும். கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்ற, இன்று நமக்கு எல்லாருக்கும் தெரிந்ததாகத் தோன்றும் இந்த உண்மையை, டென்மார்க்கில் பிறந்து இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த ஸ்டெனோ என்பவர் 1669-ல் எழுதிய சிறு நூலில் ஒரு நியமமாக வகுத்தார். பூகம்பத்தாலும் மலையெழுச்சியாலும் அடுக்குகள் புரண்டுபோன இடங்களில் மட்டும் இதைக் கையாளுவதில் எச்சரிக்கை வேண்டும்.

இப்போது ஜாடி நமக்குக் கற்பித்ததை ஒரு வாக்கியத்தில் எழுதிக்கொள்வோம்: நீர் தான் சுமந்து வருவதைத் தரம் பிரித்து இறக்குகிறது, பெருங்கற்கள் ஓரிடத்திலும் நுண்சேறு ஓரிடத்திலும் கிடக்கும். இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரிஸாவுக்குப் போவோம்.

1851-ல் தாமஸ் ஓல்டாம் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து பொறுப்பேற்றதோடு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் முறையாகத் தொடங்கிற்று. ரயில் பாதைகள் போடத் தொடங்கியிருந்த அந்தக் காலத்தில், நிலக்கரி எங்கே எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கண்டறிவதே அதன் முக்கியமான வேலை. வில்லியம் பிளான்ஃபோர்டு, அவருடைய தம்பி ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற இருவரும் இங்கிலாந்திலும் ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரியிலும் பயின்று, 1855-ல் அந்த நிறுவனத்தில் சேர்ந்தனர். மூத்தவருக்கு இருபத்துமூன்று வயது, இளையவருக்கு இருபத்தொன்று. அவர்கள், தியோபால்டு என்ற இன்னொரு ஆய்வாளருடன், பிராமணி நதியை அடுத்த தால்ச்சேர் நிலக்கரிப் பிரதேசத்தை ஆராய அனுப்பப்பட்டனர்.

நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பழமையான ஓர் அடுக்குத் தொகுதி அங்கே இருந்தது. பச்சை சாயல் கொண்ட, மிக நுண்ணிய வண்டல் இறுகிக் கல்லான படிவு அது. சில இடங்களில் கையால் அழுத்தினால் ஊசி ஊசியாக, பென்சில் சீவல்கள் போல உடையக்கூடியது. அந்த நுண்வண்டலுக்குள், முஷ்டி அளவிலிருந்து பல பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத அளவு வரைக்கும் பாறாங்கற்கள் பதிந்து கிடந்தன. கருங்கல் வகைகளும் பிற பழம்பாறைகளுமாக அவை பலதிறப்பட்டவை. பெரும்பாலானவற்றின் விளிம்புகள் மழுங்கியிருந்தன. நம் நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் எழுதவேண்டியது இவ்வளவே. ஆனால் ஜாடிப் பரீட்சையைச் செய்து பார்த்த எவரும் இந்த வரிகளைப் படித்த மாத்திரத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்; நீர் ஒருபோதும் சேர்த்து இறக்காத இரண்டு பொருள்கள் இங்கே ஒன்றாகக் கிடக்கின்றன.

இந்த இடத்தில் அவசரப்படாமல் சிறிது தங்குவோம். ஒரு புதிரைக் கண்டதும் மனத்தில் முதலில் உதிக்கும் விடையைப் பற்றிக்கொண்டு, அதற்குச் சாதகமானவற்றையே தேடிச் செல்வது மனித சுபாவம். அமெரிக்கப் புவியியல் அறிஞரான சேம்பர்லின் 1890-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு மாற்று மருந்து ஒன்றைக் கூறினார்: ஒரே ஊகத்தின்மேல் பெற்றோரின் பாசம் படிந்துவிடாதபடி, சாத்தியமான எல்லா ஊகங்களையும் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் சமமாக விசாரிக்கவேண்டும் என்பது அவர் போதனை. அவரும் பனியாறுகள் விட்டுச்சென்ற படிவுகளை ஆராய்ந்தவர் என்பது நம் கதைக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அந்த முறையைத் தால்ச்சேர் கற்களின்மேல் நாமே பிரயோகித்துப் பார்க்கலாம்.

பெருவெள்ளம் கற்களை உருட்டி வந்ததென்று கொள்வோம். அத்தனை பெரிய கற்களை உருட்டும் வேகமுள்ள நீர், நுண்வண்டலை அங்கே தங்கவிட்டிருக்குமா? அதை அள்ளிக்கொண்டு வெகுதூரம் போயிருக்கும். சகோதரர்கள் இருவரையும் வெள்ளத்தை விட்டு விலகச் செய்த நியாயம் இதுவே. பக்கத்திலிருந்த செங்குத்துப் பாறையிலிருந்து கற்கள் சேற்றில் விழுந்தனவென்று கொண்டால், அவை முனை மழுங்காமலும் அந்தப் பாறையின் இனமாகவே எல்லாம் ஒன்றுபோலவும் இருக்கவேண்டும், அப்படி இல்லை. மலைச்சரிவு ஒன்று மண்ணும் கல்லுமாகக் கலந்து குழம்பாக வழிந்து வந்ததென்று கொண்டால் அது இவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. சேற்று வழிவுகள் உண்மையிலேயே பெருங்கல்லையும் நுண்மண்ணையும் பிரிக்காமல் கொண்டுவந்து கொட்டக்கூடியவை. ஆயினும் அவை கொட்டிய குவியலில் அடுக்கு ஒழுங்கு இராது. மெல்லிய தாள்களாக அமைதியாகப் படிந்த வண்டலின் நடுவே தன்னந்தனியாக ஒரு கல் கிடந்தால், அது வழிந்து வந்த கல் ஆகாது. மேலிருந்து இறங்கிய கல்லாகத்தான் இருக்கமுடியும். அமைதியான நீரில், அடியிலுள்ள சேற்றைக் கலைக்காமல், பெருங்கல்லை மேற்பரப்பில் சுமந்து வந்து நடுவில் இறக்கக்கூடியது எது? மிதக்கும் பனிக்கட்டி.

1856-ல் அவர்கள் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: இந்தக் கற்களைப் பனிக்கட்டி சுமந்து வந்திருக்கவேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 21 டிகிரியில், சித்திரை வெயிலில் பாறை தொடமுடியாதபடி சுடும் ஒரு நாட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவையே ஒரு காலத்தில் பனி மூடியிருந்ததென்று வாதிக்கும் நூலை லூயி அகாசி என்ற அறிஞர் வெளியிட்டு அப்போது பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதையே ஏற்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். அந்த இரு வாலிபர்களிடம் நான் மிகவும் மதிப்பது அவர்களுடைய கற்பனையை அன்று, கண்டதைக் கண்டபடி ஏற்றுக்கொண்ட நேர்மையை; உஷ்ண தேசத்தில் பனி எங்ஙனம் வந்தது என்பதற்கு விடை தெரியாதிருந்தும், விடை தெரியவில்லை என்பதற்காக அவர்கள் கற்களைக் காணாதது போல நடிக்கவில்லை.

பனிக்கட்டி இந்த வேலையைச் செய்யக்கூடியதுதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கிண்ணத்தில் நீர் நிரப்பி, அதில் சுண்டைக்காய் அளவுள்ள ஒரு கல்லை இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் உறைய வையுங்கள். கல்லின் பருமன் ஐஸின் பருமனில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. மிகவும் மேற்பட்டால் கட்டி மிதக்காமல் மூழ்கிவிடக்கூடும். நீரைவிட ஐஸ் நூற்றுக்கு எட்டுப் பங்கே லேசானதென்றும், கல் நீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானதென்றும் தெரிந்தவர்கள் அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கட்டும். இதற்கிடையில், மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றில் சலித்த செம்மண்ணையும் வெண்களியையும் மாற்றி மாற்றிக் கரைத்து ஊற்றி, ஒவ்வொன்றும் படிய அவகாசம் கொடுத்து, மெல்லிய நிற அடுக்குகளைக் கண்ணாடியோரமாக அமைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டியைக் கண்ணாடிக்கு அருகில் மெல்ல மிதக்கவிட்டால், அது உருகி மெலியும்போது கல் கழன்று விழும். விழுந்த இடத்தில் அடுக்குகள் கீழ்நோக்கி வளைவதைக் கண்ணாடி வழியே காண்பீர்கள். அதன்பின் இன்னும் கொஞ்சம் கரைசல் ஊற்றினால், புதிய அடுக்கு கல்லின் தலைமேல் போர்வையாக மேடிட்டுப் படியும். கீழே வளைவு, மேலே மேடு, நடுவில் கல். அமைதியான நீரில் மேலிருந்து விழுந்த கல்லுக்கு இதுவே முத்திரை; இந்த முத்திரை உள்ள கற்கள் தால்ச்சேர் படிவுகளில் கண்டறியப்பட்டிருக்கின்றன.

பனிக்கட்டியால் முடியும் என்று காட்டிவிட்டால், பனிக்கட்டிதான் செய்தது என்று ஆகிவிடாது. முடிவதும் நடந்ததும் வேறு. ஆகவே மேலும் ஒரு படி சென்று, நிலத்தின்மேல் பெரும் பனியாறுகள் அந்தக் காலத்தில் ஊர்ந்திருந்தால் அவை வேறென்ன தடயம் விட்டிருக்கும் என்று கேட்கவேண்டும். பனியாறு தன் அடியில் மணலையும் கல்லையும் பற்றிக்கொண்டு நகர்கிறது. அதன் கீழுள்ள தரைப்பாறை தேய்ந்து மெருகேறி, ஒரே திசையில் இணையான கீறல்களைப் பெறவேண்டும். இதையும் சோதிக்கலாம். இரண்டு ஐஸ் கட்டிகளில் ஒன்றின் அடிப்பாகத்தில் மட்டும் மணல் உறைந்திருக்குமாறு செய்து, இரண்டையும் தனித்தனியே ஈரமான துணி சோப்புக் கட்டியின்மேல் அழுத்தி ஒரே திசையில் இழுத்துப் பாருங்கள். மணலில்லாத ஐஸ் மேற்பரப்பை வழவழப்பாக்குவதோடு நின்றுவிடும். மணலுள்ளது கோடு கோடாகக் கீறிச் செல்லும். கீறுவது பனியன்று, பனி பிடித்திருக்கும் கல் என்பது இந்த ஒப்பீட்டால் தெளிவாகும்.

1856-ல் இப்படிப்பட்ட கீறல் பாறையை எவரும் இந்தியாவில் அந்த அடுக்கின் கீழே கண்டதில்லை. கண்டிருக்க வேண்டுமென்று நியாயம் சொல்லிற்று. கண் இன்னும் சொல்லவில்லை. 1870-களில், தால்ச்சேரிலிருந்து மேற்கே நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், மத்திய மாகாணத்துச் சாந்தா ஜில்லாவில், இன்று சந்திரபூர் எனப்படும் பகுதியில், அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெட்டன் என்பவர், தால்ச்சேர் வகைப் பாறாங்கல் அடுக்கு நீங்கியிருந்த ஓரிடத்தில் அதன் அடித்தளமான சுண்ணாம்புப் பாறையைக் கண்டார். அதன் மேற்பரப்பு மெருகிட்டது போலத் தேய்ந்து, நீண்ட இணை கீறல்களைத் தாங்கியிருந்தது. வெள்ளமோ மலைச்சரிவோ காரணமாயிருந்தால் இருந்தே தீரவேண்டிய அவசியமில்லாத ஓர் அடையாளம், பனி காரணமாயிருந்தால் எங்கே இருக்கவேண்டுமோ அங்கேயே இருந்தது. ஓர் ஊகம் வலிமை பெறுவது இவ்விதந்தான்.

இன்னொரு சாட்சியமும் உண்டு. அது கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய சிறு சாட்சியம். தால்ச்சேர் தொகுதியின் மணற்கற்களில் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் சிதையாமல், பளபளப்புக் குன்றாமல் இருக்கிறது. வெப்பமும் மழையும் மிகுந்த தட்பவெப்பத்தில் ஃபெல்ஸ்பார் நெடுநாள் தாங்காது, களிமண்ணாக மாறிவிடும். ஆகவே குளிர்ந்த காலநிலையை இது சுட்டுகிறது. ஆனால், வறண்ட நாட்டிலும், மிக விரைவாகப் புதையுண்ட மணலிலும் ஃபெல்ஸ்பார் சிதையாமல் இருக்கக்கூடும் என்பதால், இந்தச் சாட்சி தனியே நின்று வழக்கை வெல்லப் போதாது. கீறிய பாறையோடும், விழுந்த கற்களோடும், நுண்வண்டலோடும் சேர்ந்தே இதற்கு வலு உண்டு. ஒன்றையொன்று சாராத பல சாட்சியங்கள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் பூமி சாஸ்திரத்தில் நிச்சயம் என்பது பிறக்கிறது.

பனி வந்தது உறுதியானதும் பழைய கேள்வி முன்னிலும் கூர்மையாக நின்றது: ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பனி எப்படி? ஆஸ்திரேலியாவில் இன்மன் பள்ளத்தாக்கில் செல்வின் 1859-ல் கீறிய பாறையைக் கண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் இதே வகைப் படிவுகள் அகப்பட்டன. நாக்கு வடிவமான இலைகளையுடைய குளோசாப்டெரிஸ் என்ற தாவரத்தின் பதிவுகள் இந்த நாடுகள் அனைத்திலும் அந்தப் படிவுகளுக்கு மேலே கிடந்தன. தம்பி ஹென்றி, திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கடற்சிப்பிப் பாறைகளை அளந்து 1862-ல் நூலாக்கியவர், 1875-ல், இந்தியாவையும் தென்கண்டங்களையும் இணைத்த ஒரு நிலப்பரப்பு முன்பு இருந்திருக்கவேண்டும் என்று எழுதினார். அதே ஆண்டில் அவர் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகவும் ஆனார். ஆஸ்திரியப் பேரறிஞர் ஸூவெஸ் அத்தகைய பெருநிலத்துக்குக் கோண்டுவானா நிலம் என்று பெயரிட்டார். அது துண்டு துண்டாகச் சமுத்திரத்தில் மூழ்கிவிட்டது என்பது அக்காலத்தவர் பொதுவான எண்ணம்.

ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் 1912-லும், பின்பு 1915-ல் நூல் வடிவிலும், நிலம் மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்துவிட்டது என்றார். கண்டங்களை ஒன்றாகக் கூட்டித் தென்துருவத்தின் அருகே வைத்துப் பார்த்தால், உலகெங்கும் சிதறிக் கிடந்த பனித்தடங்கள் ஒரே பனிப்பரப்பின் பகுதிகளாக இணைந்துவிடுகின்றன. ஆயினும், கண்டங்களை நகர்த்தும் சக்தி எது என்பதற்கு அவர் சொன்ன காரணங்கள் மிகவும் போதாதவை என்று பௌதிக அறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு சரியானதே. வெகனர் 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் உயிர்நீத்தபோது அவருடைய கொள்கை பெரும்பாலோரால் ஏற்கப்படாமலே இருந்தது. காரணத்தைப் பற்றிய கூற்று தவறு என்பதனால் நிகழ்ச்சியைப் பற்றிய கூற்றும் தவறென்று முடிவு கட்டியது அக்காலத்தவர் செய்த பிழை. நோட்டுப் புத்தகத்தில் வலப்பக்கத்தையே இன்னும் இரண்டாகப் பிரித்து, ‘என்ன நடந்தது’ என்பதைத் தனியாகவும் ‘ஏன் நடந்தது’ என்பதைத் தனியாகவும் எழுதப் பழகுவோருக்கு இந்த மயக்கம் நேராது.

பிறகு புதிய கருவிகள் வந்தன. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அந்த இடத்தின் காந்தப்புலத்தைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. அந்தப் பதிவின் சாய்விலிருந்து, பாறை இறுகிய காலத்தில் அது எந்த அட்சரேகையில் இருந்ததென்று கணக்கிடலாம். 1950-களில் தக்காணத்துக் கரும்பாறைகளை இவ்விதம் அளந்தபோது, அவை குழம்பாக வழிந்த காலத்தில் இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது தெரியவந்தது. 1963-ல் வைன், மாத்யூஸ் என்ற இருவர், கடலடித் தரையிலுள்ள காந்தப் பட்டைகளைக் கொண்டு, சமுத்திரத்தின் நடு மலைத்தொடரிலிருந்து தரை இருபுறமும் விலகிச் செல்வதைக் காட்டும் வழியை விளக்கினர். இந்தியா இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது; செயற்கைக்கோள்களின் உதவியால் அதை நேராகவே அளக்கிறார்கள். தால்ச்சேரில் பனி எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை இதுதான்: தால்ச்சேர் அப்போது இங்கே இல்லை, தெற்கே வெகுதொலைவில், அண்டார்ட்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒட்டி இருந்தது.

இனி நீங்கள் செய்யவேண்டிய பயிற்சி. தால்ச்சேருக்குப் போகவேண்டுவதில்லை; கிணறு தோண்டுமிடம், புதிதாக வெட்டிய வாய்க்கால், சாலைக்காக அறுத்த மேடு, இவற்றில் எது உங்கள் ஊரிலிருந்தாலும் போதும். நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெற்று, பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்; வெட்டுக்கரையின் அடியில் நிற்காதீர்கள், மழை பெய்த மறுநாள் அருகிலேயே போகாதீர்கள், கைவிடப்பட்ட கல்லுடைப்புக் குழிகளில் இறங்கவே வேண்டாம். தேதியையும் இடத்தையும் திசையையும் முதலில் எழுதிவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கின் நிறத்தையும் தடிப்பையும் நாடாவால் அளந்து குறித்து, அதன் படத்தை வரையுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து ஈரப்படுத்தி உருட்டினால், நூலாகத் திரிவது களி, திரியாமல் மாவாக ஒட்டுவது வண்டல், நறநறப்பது மணல் என்று விரலே சொல்லிவிடும்.

தரைக்கு இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு கூழாங்கல் அடுக்கு கண்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இங்கே முன்பு ஓர் ஆறு ஓடியது’ என்று எழுதத் தோன்றும், வலப்பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழேயே, அது உண்மையானால் வேறென்ன காணப்படவேண்டும் என்பதையும் எழுதுங்கள்: கற்கள் முனை மழுங்கியிருக்கவேண்டும், அக்கம்பக்கத்தில் இல்லாத பாறை வகைகளும் அவற்றில் கலந்திருக்கவேண்டும், அதே ஆழத்தை ஒட்டி அடுத்தடுத்த கிணறுகளிலும் அந்த அடுக்கு வரவேண்டும், அதுவும் எல்லாத் திசையிலும் பரவாமல் ஆற்றின் போக்கைப்போல் ஒரு நீண்ட வரிசையில் மட்டுமே வரவேண்டும். முதல் இரண்டையும் கையிலெடுத்துப் பார்த்தே தீர்மானிக்கலாம். மூன்றாவதற்கு, ஊரில் கிணறு வெட்டிய அனுபவமுள்ள முதியவர்களைப் போய்க் கேட்கவேண்டும். எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் கல் தட்டுப்பட்டது என்பதை அவர்கள் வியக்கத்தக்க துல்லியத்தோடு நினைவில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் உங்கள் ஊகத்தை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பிரியமாகப் பதில் சொல்லிவிடக்கூடும்.

கேட்டறிந்ததை ஊர்ப் படம் ஒன்றில் குறியுங்கள். கூழாங்கல் அகப்பட்ட கிணற்றுக்கு நிரப்பிய வட்டமும், அகப்படாத கிணற்றுக்கு வெறும் வட்டமும் இட்டு, அருகில் ஆழத்தை எழுதவேண்டும். அகப்படாத கிணறுகளைக் குறிக்காமல் விட்டுவிட ஆசை தோன்றும். ஆனால் அவை இல்லாத படத்தில் ஆற்றுக்கு எல்லையே இராது, ஊர் முழுவதும் ஆறாகிவிடும். நிரப்பிய வட்டங்கள் வரிசையாக விழுந்து, இருபுறமும் வெறும் வட்டங்கள் நின்றால், ஆறு என்ற ஊகம் முதற் சோதனையைத் தாண்டிவிட்டது. வட்டங்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடந்தால், ஏரி, மலையடிவாரச் சரிவு, பழைய மனிதர் கொட்டிய கல் என்ற மற்ற ஊகங்களை எடுத்து, அவை ஒவ்வொன்றும் எந்த வகை வரிசையைக் காட்டியிருக்கவேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து விசாரிக்கவேண்டும். அடுத்த அத்தியாயத்தில் இந்த ஆழங்களைக் கொண்டு புதைந்த நிலத்தின் சரிவை வரையப் போகிறோமாதலால், படத்தைப் பென்சிலிலேயே வரைந்து, ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் தகவல் சொன்னவர் நேரில் கண்டு சொன்னாரா, பிறர் சொல்லக் கேட்டுச் சொன்னாரா என்பதையும் ஓர் எழுத்தால் குறித்து வையுங்கள்.